வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும்?

(சடையங்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மனுவைப் பற்றி. கணவர் தம் ஊர் நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத் தொடுக்கிறார். தாய்வீட்டில் இருக்கும் மனைவி, அந்த வழக்கைத் தாம் வசிக்கும் ஊருக்கு மாற்றித் தரும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கிறார். வக்கீல்கள் நாங்கள் இதை டிரான்ஸ்ஃபர் மனு, அதாவது மாற்றல் மனு என்போம். நாலைந்து பக்கம்தான் இருக்கும். அதில் சாட்சி விசாரணை கிடையாது. தப்பு யார் மீது என்ற பேச்சும் எழாது. அப்படியிருந்தும், நான் பார்த்த வரையில், ஏழைப் பெண்கள் பலருடைய வழக்கு இந்த மனுவிலேயே முடிந்துபோகிறது. மனு தள்ளுபடியானால் அவர்கள் அந்த ஊருக்குப் போவதில்லை. போகாதவர் பேச்சை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது.

இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊராட்சிகளில் சடையங்குப்பமும் ஒன்று. காகிதத்தில் நாம் மாநகரவாசிகள். ஆனால் கொசஸ்தலையாறு பெருகினால் இங்குள்ள பர்மா நகரிலிருந்து வெளியே வர என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எவரையும் நான் சொல்லவில்லை. வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர், கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போனால்தான் கூலி. ஒருநாள் சம்மன் வருகிறது. இன்ன தேதி, காலை பத்தரை மணி, வேலூர் நீதிமன்றம்.

சென்னையிலிருந்து வேலூர் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இது ஒரு தூரமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் காரில் போகிறவர்கள். இந்தப் பெண் இருட்டோடு எழுந்து, மணலிக்கு வந்து, பஸ் பிடித்து சென்ட்ரல் போய், ரயிலில் காட்பாடி இறங்கி, மறுபடி பஸ் ஏற வேண்டும். கையில் குழந்தை. தனியாக அனுப்ப வீட்டில் பயம், ஆகவே துணைக்கு அண்ணனோ அப்பாவோ வர வேண்டும். இரண்டு பேர் கூலி அன்றைக்குப் போயிற்று. அங்கே போனால் நீதிமன்ற வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக நிற்கிறார்கள். மதியம்வரை காத்திருந்தால், "இன்னிக்கு ஜட்ஜ் லீவும்மா, அடுத்த மாசம் வா" என்று தேதி எழுதித் தருகிறார்கள். அடுத்த மாதமும் இதே பாடு. மூன்றாவது வாய்தாவுக்கு அவரால் போக முடியவில்லை. எக்ஸ்பார்ட்டி என்று பதிவாகிறது. எதிர்த்தரப்பு வரவில்லை, ஆகவே கணவர் சொன்னதை மறுக்க ஆளில்லை என்று விவாகரத்து கொடுக்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். மேல்முறையீட்டுக் காலம் கடந்தால் கணவர் மறுமணம் செய்துகொள்ளலாம். கணவர் மனுவில் எழுதியிருந்தது அத்தனையும் இனி இந்தப் பெண்ணைப் பற்றிய நீதிமன்ற முடிவாக நிற்கும்.

வேலூர் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத்தில் இந்த விஷயத்தில் நாடு முழுவதும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, நம் வேலூர்–சென்னை வழக்கில் வந்ததுதான். கணவர் வேலூரில் வழக்குத் தொடுத்திருந்தார். மனைவி இளம்பெண், சென்னையில் பெற்றோரோடு இருந்தார். வழக்கைச் சென்னைக் குடும்ப நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2022 ஜூலை 18 அன்று நீதிபதிகள் எஸ். அப்துல் நசீர், ஜே.கே. மகேஸ்வரி அடங்கிய அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்காடிகளின் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் நம்மிடையே வாழ்கிறவர்கள். திருமண வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்வதும் அவர்கள் மானத்தைக் காக்கத்தான்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். மாற்றல் மனுவை முடிவுசெய்யும்போது இரு தரப்பின் பொருளாதார நிலை, சமூக நிலை, மணத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை, இப்போது யார் நிழலில், எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இன்றைய இந்தியச் சமூகம் இருக்கிற நிலையில், பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது, ஒரே தம்பதியின் வழக்குகள் வெவ்வேறு ஊர்களில் நடந்தால், ஒரு நீதிபதி ஒன்று சொல்ல இன்னொருவர் வேறொன்று சொல்லும் நிலை வரக்கூடாது, ஒரே நீதிபதி கேட்பது நல்லது என்றது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது, யார் நிழலில் பிழைக்கிறார்கள் என்று அது கேட்டதுதான். தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் வேலூர் பக்கத்து ஊர்தான். கூலியிலும் துணையிலும் பயத்திலும் அளந்தால் கதை வேறு.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமையைச் சட்டமாக்கியதில் நம் மாகாணம் முந்திக்கொண்டது. மத்தியச் சட்டம் வந்தது 1955-இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1949-இல், மதராஸ் மாகாணம் இருதார மணத்தைத் தடைசெய்து விவாகரத்தையும் அனுமதிக்கும் சட்டத்தை இயற்றிவிட்டது. உரிமை வந்துவிட்டது. அதை எந்த வாசலில் போய்க் கேட்பது என்பது வெகுகாலம் பெண்ணுக்கு எதிராகவே இருந்தது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவில், மணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று நீதிமன்றங்களை வரிசைப்படுத்தியது. மனைவி வழக்குப் போட வேண்டுமானாலும், பெரும்பாலும் விட்டு ஓடிவந்த அதே ஊருக்குத்தான் திரும்பப் போக வேண்டும். 48 ஆண்டு கழித்து, 2003 டிசம்பரில்தான் ஒரு திருத்தம் வந்தது. வழக்குப் போடுகிறவர் மனைவியானால், அப்போது அவர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். சிறப்புத் திருமணச் சட்டத்துக்கும் அதே திருத்தம் செய்தார்கள்.

பெரிய முன்னேற்றம். ஆனாலும் அது மனைவி முந்திக்கொண்டால்தான் உதவும். கணவர் முதலில் போட்டுவிட்டால், இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் அவர். நம் பெண்கள் முந்திக்கொள்வதில்லை. இன்னும் சேர்ந்து வாழலாம், பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும், குழந்தை முகத்தைப் பார்த்தாவது மனம் மாறும் என்று காத்திருக்கிறார்கள். காத்திருந்ததற்குத் தண்டனையாக வெளியூர் சம்மன் வருகிறது.

மற்றச் சட்டங்களைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் மனு போடலாம். ஜீவனாம்சத்தை அவர் வசிக்கும் மாவட்டத்திலேயே கேட்கலாம். கணவர் வீட்டுக் கொடுமை பற்றிய குற்ற வழக்கை அவர் தஞ்சம் புகுந்த ஊரிலேயே பதியலாம் என்று 2019 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொல்லிவிட்டது. அடிபட்டு வந்த பெண் எங்கே ஒதுங்கியிருக்கிறாரோ அங்கே நீதிமன்றம் அவருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பதை இந்த மூன்றிலும் ஏற்றுக்கொண்டாயிற்று. கணவர் தொடுக்கும் விவாகரத்து வழக்கில் மட்டும் அதே பெண் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

இந்தக் கரையோரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். 2001-இல் அதைத் திருத்தி, மனைவிக்கும் கணவருக்கும் ஒரே காரணங்கள் என்று ஆக்கினார்கள். நல்ல திருத்தம், காலம் தாழ்ந்து வந்த திருத்தம். ஆனால் வழக்குப் போடும் இடம் இன்றும் மணம் நடந்த ஊர், இருவரும் வசிக்கும் ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இவ்வளவுதான். 2003-இல் இந்து மனைவிக்குக் கொடுத்த உரிமையைக் கிறிஸ்தவ மனைவிக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். தூத்துக்குடியில் மணமாகி, அங்கேயே வாழ்ந்து, அடி தாங்காமல் ராயபுரத்துக்கு ஓடிவந்த பெண், தாமே விவாகரத்து கேட்பதானாலும் தூத்துக்குடியில்தான் போட வேண்டும். பிறகு மாற்றல் மனு போட்டுச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு நீதி. இதை நான் மனம் பொறுக்காமல்தான் சொல்கிறேன்.

இனி மாற்றல் மனுவை எங்கே போடுவது என்பதைப் பார்ப்போம். வழக்கு தமிழ்நாட்டுக்குள் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி நம் உயர் நீதிமன்றமே மாற்றித் தரலாம். வழக்கு வேறு மாநிலத்தில் இருந்தால் 25-ஆம் பிரிவு, அதற்கு உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குத்தான் அதிகாரம். உயர் நீதிமன்றங்கள் தமக்குள் அதைச் செய்துகொள்ள முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. நம் பகுதிக்கு இது என்ன பொருள் தருகிறது? திருவொற்றியூரில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ரயில் ஆந்திராவுக்குள் போய்விடுகிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பக்கம் வாழ்க்கைப்படுவது புதிதில்லை. கணவர் கோயம்புத்தூரில் வழக்குப் போட்டால், அது சுமார் 500 கிலோமீட்டர், நம் பெண் பாரிமுனைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். கணவர் நெல்லூரில் போட்டால், அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லை, ஆனால் மனு போட டெல்லி போக வேண்டும். நெல்லூருக்குப் போக வழியில்லை என்று சொல்ல டெல்லிக்கு வக்கீல் அமர்த்த வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தில் இந்த மனுக்கள் மலைபோல் குவிந்ததில் வியப்பில்லை. 2019-இல் விதியைத் திருத்தி, ஒரே நீதிபதி அமர்ந்தும் இவற்றைக் கேட்கலாம் என்றார்கள். 2022 நவம்பரில் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், சுமார் 3,000 மாற்றல் மனுக்கள் தேங்கியிருப்பதைச் சொல்லி, ஒவ்வோர் அமர்வும் நாள்தோறும் பத்து மனுக்களைக் கேட்கும் என்று அறிவித்தார். அடுத்த மாதம் முதல் தேதி, நீதிபதிகள் ஹிமா கோலி, பேலா திரிவேதி ஆகிய இரு பெண்கள் மட்டுமே அடங்கிய அமர்வு அமர்ந்தபோது, அவர்கள் பட்டியலிலும் திருமண மாற்றல் மனுக்கள் இருந்தன. முறிந்த மணத்தை உச்ச நீதிமன்றமே நேரடியாகக் கலைக்கலாம் என்று 2023 மே 1-இல் ஐந்து நீதிபதிகள் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பும், 2014-இல் ஒரு மாற்றல் மனுவாக உள்ளே வந்ததுதான்.

உச்ச நீதிமன்றம் எப்போதும் ஒரே மாதிரி பேசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2001-இல், பீகாரின் ஆராவில் கணவர் போட்ட வழக்கை மனைவி இருந்த டெல்லிக்கு மாற்றியபோது, வழக்குப் போட்டவர் கணவர், ஆகவே மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று ரத்தினச் சுருக்கமாகச் சொன்னார்கள். சில ஆண்டு கழித்து இன்னோர் அமர்வு குரலை மாற்றியது. அனுமதி விசாரணை நாள்களில் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் சராசரியாகப் பத்துப் பதினைந்து மாற்றல் மனுக்கள் வருகின்றன, பெண்களுக்குக் காட்டிய இரக்கத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், இனி ஒவ்வொன்றையும் அதனதன் தகுதியில் பார்ப்போம் என்றது. அந்த மனுவைத் தள்ளி, பயணச் செலவைக் கணவர் தரட்டும் என்றது.

தகுதியைப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. கணவர் எல்லாரும் வசதியானவர்கள் அல்லர். படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ஓட்டுநரும் கணவர்தான். மனைவி ஐ.டி. கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்து, கணவர் தினக்கூலியாக இருந்தால், வழக்கு கணவர் ஊரிலேயே நடக்கட்டும். 2022 தீர்ப்பு சொன்ன அளவுகோலும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பயணப்படி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். ரயில் கட்டணம் கிடைக்கலாம். போன கூலியை யார் தருவார்? அடிக்கடி லீவு போட்டதால் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்ட வேலையை யார் திருப்பித் தருவார்? அந்தப் படியைக் கணவர் கொடுக்காவிட்டால், அதை வாங்க இன்னொரு மனு போட்டு, அதற்கும் அதே ஊருக்கே போக வேண்டும்.

வீடியோவில் ஆஜராகலாமே என்பார்கள். இதிலும் உச்ச நீதிமன்றம் ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும் பேசியது. 2017 மார்ச்சில், ஜபல்பூரில் கணவர் போட்ட வழக்கில் ஹைதராபாத்தில் இருந்த மனைவி மாற்றல் கேட்டபோது, ஊர் மாற்றுவதற்குப் பதிலாக வீடியோ மூலம் விசாரிக்கலாம் என்று இரு நீதிபதிகள் வழிகாட்டினார்கள். அக்டோபர் 9-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். சமரச முயற்சி தோற்ற பிறகு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் வீடியோ என்றார்கள் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவும் நீதிபதி கான்வில்கரும். தம்பதியைச் சேர்த்துவைக்க நேரில் பார்க்க வேண்டும், ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கவலை. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். நீதிமன்றம் எட்ட முடியாதவர்க்கு அதை எட்டச் செய்யும் கருவியை மறுக்கக்கூடாது என்பது அவர் கருத்து. பிறகு கொரோனா வந்து எல்லோரையும் திரைக்கு முன் உட்கார வைத்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றமும் காணொலி விசாரணைக்கு விதிகள் வகுத்தது.

என் கருத்து இது. பர்மா நகரில் ஒற்றை அறை வீட்டில், தம்பியின் போனில், மாமியார் போட்ட பழிக்குப் பதில் சொல்லச் சொன்னால் அந்தப் பெண் என்ன சொல்வார்? பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஆகவே திரையைக் காட்டி மாற்றலை மறுக்கக்கூடாது. அதே சமயம், மழைக்காலத்தில் ஆறு பெருகி ஊரே துண்டிக்கப்பட்டிருக்கும்போது, அவரே வீடியோ வேண்டும் என்று கேட்டால், கணவர் சம்மதிக்க வேண்டும் என்று தடுப்பதும் தவறு. எந்த வழி என்பதைப் போக முடியாதவரே சொல்லட்டும்.

இங்கே வந்திருக்கும் பெண்களுக்குச் சில சொற்கள். சம்மனை வாங்க மறுக்காதீர்கள். வாங்காவிட்டால் வழக்கு நிற்காது, உங்களை விட்டுவிட்டு நடக்கும். வெளியூர் வழக்கானாலும் முதல் தேதிக்கு ஒரு வக்கீல் மூலமாவது ஆஜராகி, மாற்றல் மனு போடப்போவதைப் பதிவு செய்யுங்கள். மனுவில் 'சிரமமாக இருக்கிறது' என்று ஒரே வரியில் நிறுத்தாதீர்கள். தினக்கூலி எவ்வளவு, குழந்தைக்கு என்ன வயது, துணைக்கு யார் இருக்கிறார்கள், போய்வர எத்தனை வண்டி மாற வேண்டும், மிரட்டல் இருந்தால் எப்போது, எப்படி என்று எழுதுங்கள். ஜீவனாம்சமோ வன்முறைத் தடுப்பு மனுவோ இங்கே நடந்தால் அதன் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி வழக்குச் செலவையும் கேளுங்கள். குப்பத்துப் பஞ்சாயத்திலோ காவல் நிலையத்திலோ கையெழுத்து வாங்கிய தாளை விவாகரத்து என்று நம்பிவிடாதீர்கள். சாதி வழக்கப்படி தீர்த்துவிடும் முறையைச் சட்டம் ஏற்பதுண்டு, ஆனால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று ஒதுங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. பாரிமுனையிலும் கேட்கலாம், டெல்லி மனுவுக்கும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில், மனைவி வசிக்கும் இடத்தில் வழக்குப் போடும் உரிமையைச் சேருங்கள். மாநில எல்லை தாண்டிய திருமண வழக்குகளை மாற்றும் அதிகாரத்தை, பெண் வசிக்கும் மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்கே கொடுங்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மனைவி மீது கணவர் வழக்குத் தொடுத்தால், அந்தப் பெண் இருக்கும் ஊரில்தான் தொடுக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவைத் திருத்துங்கள். கணவருக்கு அதனால் உண்மையான கஷ்டம் வந்தால், மாற்றல் மனுவை அவர் போடட்டும்.